எரியாத கை

மண்டை ஓடுகள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். கறுப்பு மணி, குட்டி மண்டை ஓடு, மறுபடி கறுப்பு மணி என்று கைவளையத்துக்கான எலாஸ்டிக் கயிற்றில் கோத்துக்கொண்டிருந்த பெண்கள் யாரும் கையைப் பார்க்கவில்லை. கண்குழியைக் கட்டைவிரல் தடவிக் கண்டுபிடிக்கும். உடனே ஊசி உள்ளே போகும். அண்ணி மட்டும் ஒவ்வொன்றையும் மூக்குக்கு நேரே தூக்கிப் பார்த்துக் கோத்தாள்.

"என்ன அண்ணி, மாப்பிள்ளை பாக்குறியா?" என்றாள் பக்கத்தில் இருந்த நாத்தனார்.

"பல்லு சரியில்ல. வேணாம்னுட்டேன்."

நாத்தனார் சிரித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "நேத்து உன் தட்டுல பாதிப் பேரு முதுகைக் காட்டிட்டு நின்னானுங்க. நான்தான் பிரிச்சுக் கோத்தேன்."

"அதான் இன்னிக்குக் கண்ணால பாத்துக் கோக்குறேன்டி. தொட்டாத்தான் தெரியல."

மழைக்கு முன்புவரை அண்ணிக்குப் பின்னறையில் வேலை. அச்சில் வார்த்து வந்த மண்டை ஓடுகளைத் தொட்டியில் இருக்கும் கறுப்புச் சாய மருந்தில் முக்கி எடுக்க வேண்டும். பிறகு தேய்த்தால் முகம் வெளுத்து, கண்ணிலும் பல்லிடுக்கிலும் மட்டும் கறுப்பு நிற்கும். கையுறை போட்டால் வழுக்குகிறது என்று வெறுங்கைதான். முதலில் எரிந்தது. பிறகு எரிச்சல் நின்றது. அதற்கப்புறம் சுடுதண்ணீரும் தெரியவில்லை. தோள்வலி என்று பொய் சொல்லி இந்தப் பக்கம் மாற்றிவிட்டவள் நாத்தனார். கை மரத்துப்போன விஷயம் வெளியே போனால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டில் புருஷன் படுத்த படுக்கை.

முடிந்த வளையங்களை அட்டையில் மாட்ட மேஸ்திரி வந்தார். அட்டையில் கிடார் படம்; அதன் கீழே 'எவனுக்கும் அடங்காதே' என்று கொட்டை எழுத்து. அண்ணியின் தட்டில் கைவைத்தவர் நின்றார். ஓடுகளின் பற்கள் சிவந்திருந்தன.

"இந்தக் கலர் யாரு போடச் சொன்னா?"

அண்ணி அடுத்த மணியை எடுக்கக் கை நீட்டினாள். ஆள்காட்டி விரல் நுனியில் ஊசி ஏறி, பாதி கோத்த கயிறு அதிலிருந்து தொங்கியது.

"ஏம்மா, விரல்ல ஊசி."

அவள் குனிந்து பார்த்தாள். பார்த்த பிறகே "ஸ்ஸ்" என்றாள்.

மேஸ்திரி ஊசியை மெல்ல உருவினார். அவர் கண் விரலில் இல்லை, அவள் முகத்தில் இருந்தது. "அந்தப் பக்கம் திரும்பிக்க. இப்ப?"

"வலிக்குது."

அவர் குத்தவே இல்லை.

"அனுப்பிடாதீங்கண்ணே," என்று நாத்தனார் எழுந்தாள். "எங்க அண்ணன் வேற எந்திரிக்க முடியாம கெடக்கு."

"யாரு அனுப்புறா?" அவர் குரல் கனிந்துபோயிருந்தது. "தொட்டிக்கு வர்றவ எவளும் ஒரு வாரம் நிக்க மாட்டேங்குறா. எரியுது எரியுதுன்னு ஓடுறாளுக. இவங்களுக்குத்தான் எரியாதே."

"கையே போயிடும் அண்ணி. வேணாம்னு சொல்லு."

அண்ணி விரலைத் துணியில் சுற்றினாள். "வேலை இருக்குன்னுதானேடி சொல்றாரு," என்று பின்னறைக்கு நடந்தாள்.

அங்கே ஜன்னல் கிடையாது. கூடையைக் கவிழ்த்ததும் ஓடுகள் சத்தமில்லாமல் மூழ்கின. விரலில் சுற்றிய துணியை அவிழ்த்து வைத்துவிட்டுக் கையை உள்ளே விட்டாள். மணிக்கட்டுக்குக் கீழே கறுப்பு, ஒன்றும் தெரியவில்லை. அடியில் கிடப்பதைக் கிளற வேண்டும். விரல்கள் மூடியிருக்கின்றனவா, எதையாவது பிடித்திருக்கின்றனவா, தெரியவில்லை. தோளைக் கொஞ்சம் அசைத்துவிட்டு, மருந்து அசைகிறதா என்று பார்த்தபடி நின்றாள்.