நல்ல ஆசிட்

எங்கள் வீட்டில் ஆசிட் என்றால் ஒன்றுதான், கக்கூஸ் கழுவுவது. அதனால் முகப்பருவுக்காக நான் வாங்கிய சின்ன பாட்டிலில் 'சாலிசிலிக் ஆசிட் 2%' என்று இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்த அம்மா, அதை பாத்ரூமில் பினாயிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

"ஆசிட்ட மூஞ்சில ஊத்திக்கப் போறியாடி? நக்கோ, வேணாம்!"

"அம்மா, இது பருவுக்கு..."

"பருவுக்கு எலுமிச்சம்பழம் தேய்னு எத்தன வாட்டி சொல்றது?"

தேய்த்திருக்கிறேன். எரிந்ததுதான் மிச்சம்.

ஏ.எஸ்.ராவ் நகரில் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சர் வேலைக்குக் கேட்டிருந்தேன். "ஜூன்ல டெமோ கிளாஸ். மாஸ்க் இல்லாம வாங்கம்மா. பசங்களுக்கு டீச்சர் மூஞ்சி தெரியணும்" என்று பிரின்சிபால் ஸ்டெல்லா மேடம் போனில் சொல்லியிருந்தார். கொரோனா போன பிறகும் நான் மாஸ்க்கைக் கழற்றியதில்லை. அடியில் பதினோரு பருக்கள். கையில் இரண்டு மாதம்.

அம்மா கத்தினால் வழக்கமாக அறைக்குள் போய்விடுவேன். அன்று போகவில்லை. கல்லூரியில் மிஞ்சிய பி.ஹெச். தாள்களை எடுத்து வந்தேன்.

"சிவப்பு ஏற ஏறப் புளிப்பு ஜாஸ்திம்மா."

எலுமிச்சைச் சாற்றில் தாள் நல்ல சிவப்பானது. பாட்டில் திரவத்தில் ஆரஞ்சு. அம்மாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. தயிரைக் கொண்டுவந்தாள், பிறகு ரசத்தை.

"அடியே! ரசமும் உன் ஆசிட்டும் ஒரே கலரு!"

"அதுக்காக ரசத்த மூஞ்சில பூசாதம்மா. இது எண்ணெய்ல கரையும். எண்ணெய் அடச்ச துவாரத்துக்குள்ள போயி, அங்க ஒட்டியிருக்கற செத்த தோலத் தளர்த்தும். அடைப்பு விட்டுரும்."

அம்மா யோசித்தாள். "அடைப்பு எடுக்கறதுதானே? அப்ப நான் வெச்ச எடம் சரிதான்!"

இருவரும் சிரித்தோம். மறுநாள் பாட்டில் கண்ணாடி மேசைக்கு வந்திருந்தது. மேலே ஒட்டிய தாளில் அம்மாவின் கையெழுத்து: 'நல்ல ஆசிட். ராஜியோடது.'

ஒருநாள் விட்டு ஒருநாள் மாலையில் தடவினேன். முதலில் தோல் வறண்டு உரிந்தது. மாய்ஸ்சரைசர் போட்டேன். ஞாயிறுதோறும் அம்மா என் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி எண்ணினாள். ஒன்பது. ஆறு. ஒரு வாரம் மறுபடி ஏழு. அப்புறம் நாலு.

டெமோ அன்று பள்ளி வாசலில் மாஸ்க்கைக் கழற்றிப் பையில் போட்டேன். ஏழாம் வகுப்பு. எலுமிச்சை, டப்பாவில் ரசம், என் பாட்டில். மூன்றிலும் தாள்களை நனைத்துக் காட்டினேன். முதல் பெஞ்சில் தேஜஸ்வினி என்ற பெண் எழுந்து, பரு இருக்கிறதா என்று தெலுங்கில் கேட்டாள்.

"மிஸ், மீகு பிம்பிள்ஸ் உன்னாயா?"

என் கை தானாக வாயருகே போனது. அங்கே இழுத்து மூட எதுவும் இல்லை.

"உன்னாயி, இருக்கு. லெவன் இருந்துச்சு. இப்ப எத்தனன்னு நீயே எண்ணு" என்று அவள் முன்னால் போய்க் குனிந்தேன்.

விரலை நீட்டி எண்ணினாள். "ரெண்டே, மிஸ்!"

வகுப்பு கை தட்டியது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஸ்டெல்லா மேடம் எழுந்து வந்து பாட்டிலை எடுத்து, மேலே ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார்.

"எனக்குத் தமிழ் பேசத்தான் வரும். என்ன எழுதியிருக்கு?"

படித்துக் காட்டினேன். சத்தமாகச் சிரித்தவர், "திங்கக்கிழமை ஜாயின் பண்ணிடுங்க" என்றார்.

எங்கள் வீடு இருக்கும் மௌலா அலிவரை பஸ்ஸில் ஜன்னலோரம் வந்தேன். மாஸ்க் ஞாபகமே வரவில்லை. வீட்டில் பையைத் திறந்தபோதுதான் பார்த்தேன், டப்பாவிலிருந்து ரசம் சிந்தி மாஸ்க் முழுக்க நனைந்திருந்தது.