முறைத் தண்ணீர்

"இப்பிடிச் சொட்டுச் சொட்டா விட்டா அப்பாவுக்குத் தாகம் எப்பம்மா அடங்கும்?"

மதுரை ஆஸ்பத்திரி ஒன்றில், குடல் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த உக்கிரபாண்டியின் கட்டிலடியில் உட்கார்ந்துகொண்டு, தொங்கிய குளுக்கோஸ் பாட்டிலை அண்ணாந்து பார்த்தபடி சின்ன மகள் ஜெயக்கொடி கேட்ட கேள்வி அது. மகள் பார்த்த இடத்தையே தாய் அன்னக்கொடியும் பார்த்தாள். ஒரு மடக்குக் கஞ்சி வாய்வழியே இறங்காத மனுஷனுக்கு அந்தத் துளிகளால் நாலே நாளில் முகம் தெளிந்தது.

அடுத்த வருஷம், எண்பத்து மூன்றில், மழை பொய்த்தது. அலங்காநல்லூர்ப் பக்கம் கிணறுகளில் பாறை தெரிந்தது. அன்னக்கொடி வீட்டுக் கிணற்றிலும் கரண்டு வந்து மோட்டார் போட்டால் கொஞ்ச நேரத்தில் காற்றுத்தான் வந்தது. செங்கல் சூளைக்காரர் ஒருவர் வந்து, மேல்மண்ணை வெட்டி எடுத்துக்கொள்ளத் தோதான நிலம் என்று மெச்சிவிட்டுப் போனார். கனமான வேலை எதுவும் செய்யக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் உக்கிரபாண்டிக்கு மனசு தளர்ந்திருந்தது. இந்தக் கோடையில் கத்தரி காய்க்காவிட்டால் மண்ணைக் கொடுத்துவிடலாம் என்றான். மண்ணை வெட்டிக் கொடுத்தபின் அங்கே குழிதான் மிஞ்சும் என்பது அன்னக்கொடிக்குத் தெரியும். புருஷனிடம் இந்த ஒரு கோடைக்கு மட்டும் தவணை கேட்டாள்.

மறுநாளே பஸ் ஏறி, ஆஸ்பத்திரியில் பழக்கமான ஆயா ஆனிமேரியைப் போய்ப் பார்த்தாள். நோயாளிக்கு ஏற்றி முடித்து வீசுகிற குளுக்கோஸ் குழாய்களைக் கேட்டாள். ஆனிமேரி அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"கத்தரிச் செடிக்கா? இம்புட்டு வருஷத்துல இப்பிடி ஒரு நோயாளிய நான் பாக்கலக்கா."

என்றாலும் பெரிய டாக்டரிடம் போய்க் கேட்டு, ஊசிகளைக் கழற்றிப் போட்டு, குழாய்களை வெந்நீரில் அலசி ஒரு சாக்கு நிறையச் சேர்த்து வைத்திருந்தாள். மறுவாரம் கொடுக்கும்போது, "செடியும் ஆண்டவர் படைச்ச உசுருதானே" என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

வரப்போரம் கல் அடுக்கி, அதன்மேல் பழைய தார் டிரம்மை ஏற்றினார்கள். அதிலிருந்து வரிசைக்கு ஒரு கறுப்புக் குழாய். அதில் ஓட்டை போட்டு, செடிக்கு ஒன்றாகக் குளுக்கோஸ் குழாயைச் செருகினாள். துளியைக் கூட்டவும் குறைக்கவும் அதிலேயே சின்னச் சக்கரம் இருந்தது. தூசி அடைக்காமலிருக்க டிரம் வாயில் பழைய வேட்டித்துணி கட்டினாள். ஊர்க்காரர் நல்லகாமன், கரும்பு வெட்டிய தன் காட்டில் எரிக்க வைத்திருந்த சோகையை, அந்தக் காய்ந்த கரும்புத் தோகையை, கேட்டு வாங்கி, கட்டுக்கட்டாகச் சுமந்து வந்து செடிகளுக்கு நடுவே மூடாக்குப் போட்டாள். முதல் தடவை தண்டோடு ஒட்டிப் போட்டுவிட்டதில் கறையான் ஏறி ஒரு வரிசை செத்தது. அன்று அவள் சாப்பிடவில்லை. பிறகு தண்டைச் சுற்றிச் சாண் அளவு இடம் விட்டுப் போட்டாள். சோகையை விலக்கிக் கைவைத்துப் பார்த்தால், உச்சி வெயிலிலும் மண் தொட்டில் துணி மாதிரி குளிர்ந்து கிடந்தது.

கிணற்றில் பாதிப் பங்கு பக்கத்துக் காட்டுத் தவசிக்கு. ஒரு நாள் அவருக்கு, மறுநாள் இவர்களுக்கு என்று முறைத் தண்ணீர். வரப்புப் பனைமரம் யாருக்கு என்று அவரும் உக்கிரபாண்டியும் முறைத்துக்கொண்டதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை இல்லை. சொல்லவேண்டியதை எல்லாம் தவசி தன் காளையிடம்தான் சொல்வார்.

"டேய் செவலை, ஒனக்கு மேலுக்கு முடியலைன்னா சொல்லுடா. பக்கத்துலயே ஆஸ்பத்திரி தொறந்திருக்காக. கத்தரிக்காயெல்லாம் போர்வை போத்திப் படுத்திருக்கு, குளுக்கோஸ் ஏறுது."

அன்னக்கொடியும் தன் வெள்ளாட்டைப் பார்த்துச் சொன்னாள்: "அவுக சிரிச்சிட்டுப் போறாகடி. சீக்காளி எந்திரிச்சுச் சந்தைக்குப் போகும்போது பாத்துக்கிருவோம்."

சாடையாகப் பேசினாளே தவிர, அவளுக்குக் கோபம் வந்ததில்லை. போன வருஷம் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் காடு காய்ந்து போயிருக்கும் என்று நினைத்துத்தான் அவர்கள் திரும்பி வந்தார்கள். வந்து பார்த்தால் வெண்டை பூத்து நின்றது, வாய்க்கால் ஈரமாயிருந்தது. மடையை வைக்கோல் திரித்துச் செருகி அடைத்திருந்தார்கள். அந்த ஊரில் அப்படி மடை அடைக்கிற ஆள் தவசி ஒருவர்தான். தன் முறைத் தண்ணீரைத் தன் கரும்புக்கு விடாமல் இவர்கள் வெண்டைக்கு விட்டிருக்கிறார். அதை ஒரு நாளும் அவர் சொல்லவில்லை, காளையிடம்கூட. அவளும் உக்கிரபாண்டியிடம் சொல்லாமல் நெஞ்சுக்குள்ளேயே வைத்திருந்தாள்.

பங்குனி கடைசியில் கத்தரி பிடித்தது. சுற்றிலும் காடுகள் வெளுத்துக் கிடக்க, அவள் பாத்தி மட்டும் ஊதாப்பூவோடு நின்றது. மதுரை மார்க்கெட்டில் கமிஷன் கடைக்காரர் ஒரு காயை அழுத்திப் பார்த்துவிட்டு எந்தத் தோட்டம் என்று விசாரித்தார். "எங்க வீட்டுக்காரி போட்டது" என்று உக்கிரபாண்டி நிமிர்ந்து நின்று சொன்னானாம். சூளைக்காரர் மறுபடி வந்தபோது அவன் அவரை உட்காரவைத்து, மோர் கொடுத்து, சோகையை விலக்கி ஈரத்தைக் காட்டினான்.

"இந்த மண்ணு விக்கிறதுக்கு இல்லண்ணே."

கையில் மண்ணோடு தூரத்தில் நின்றிருந்த அன்னக்கொடி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். முகத்தில் வந்த சிரிப்பை மறைக்க அவளுக்குத் தோன்றவில்லை.

சித்திரையில் தவசியின் மகளுக்குக் கொட்டாம்பட்டியில் பிரசவம் சிக்கலாகி, அவரும் பெண்சாதியும் வீட்டைப் பூட்டிவிட்டு ஓடினார்கள். அவர் கரும்பு ஏற்கெனவே நுனி கருகி நின்றது. இன்னும் ஒரு வாரம் தண்ணீர் காணாவிட்டால் கட்டையோடு போய்விடும்.

மறுநாள் அன்னக்கொடியின் முறை. உக்கிரபாண்டி காய்க்கூடையோடு முதல் பஸ்ஸிலேயே போயிருந்தான். மத்தியானம் கரண்டு வந்தது. மோட்டாரைப் போட்டாள். டிரம் நிறைய அதிக நேரம் ஆகவில்லை. வழக்கமாக அத்தோடு நிறுத்திவிட்டு, ஊறுகிற தண்ணீரைக் கிணற்றிலேயே விட்டுவைப்பாள். அந்தக் கோடையில், அந்த வட்டாரத்தில், தண்ணீர் மிச்சமிருக்கிறது என்று சொல்லக்கூடியவள் அவள் ஒருத்திதான்.

அவள் மோட்டாரை நிறுத்தவில்லை. கருப்பசாமியை நினைத்துக் கொட்டாம்பட்டிப் பிள்ளைக்காக ஒரு தரம் கும்பிட்டாள். மண்வெட்டியை எடுத்துத் தன் வாய்க்காலை அடைத்தாள். தவசியின் மடையை வெட்டிவிட்டாள். ஈரத்தில் கால்தடம் பதியக்கூடாது என்று புல் முளைத்த வரப்பின்மேலேயே நடந்து போனாள்.

வெயிலில் ஒரு காக்கைகூட இல்லை. தண்ணீர் நுரைத்துக்கொண்டு, காய்ந்த தோகைகளைத் தள்ளிக்கொண்டு, கரும்புக்குள் நுழைந்தது. கடைசி வரிசையில் ஒரு முழ நீளத்துக்கு வெடிப்பு ஒன்று வாய் திறந்து கிடந்தது. அதற்குள் தண்ணீர் இறங்கியது. உள்ளேயிருந்து முட்டை முட்டையாகக் காற்றுக் குமிழிகள் மேலே வந்து ஒவ்வொன்றாக உடைந்தன.