திருத்திய குரல்

ஆவரங்குடி ஊர்ப்புற நூலகத்துக்குப் பூங்குழலி நூலகராக வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. கீழப்பழுவூரிலிருந்து உள்ளே பிரிகிற ரோட்டில், சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பும் வெள்ளைப் புழுதிக்கு நடுவே இருக்கிற ஊர். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற நாலைந்து பேர், காலையில் பேப்பர் பார்க்க வருகிற சிலர். மற்றபடி நூலகத்துப் பக்கம் ஒருவரும் தலைவைத்துப் படுப்பதில்லை. அதனால்தான் 'ஊர்க்குரல்' என்ற திட்டம் வந்தபோது அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

திட்டம் எளிமையானது. ஊருக்குள் இருபத்து மூன்று இடங்களில் பலகை வைப்பார்கள். பலகையில் இருக்கிற க்யூஆர் கோடை போனில் ஸ்கேன் செய்தால், அந்த இடத்தைப் பற்றி ஊர்க்காரர் ஒருவர் பேசுவது கேட்கும். பேச்சைப் பதிவு செய்வது நூலகத்தின் வேலை. கம்ப்யூட்டர் வேலைகளைத் திருச்சியிலிருந்து ஒரு கம்பெனி பார்த்துக்கொண்டது. பலகைகளுக்கான செலவை வாசகர் வட்டத் தலைவர் ராசாங்கம் ஏற்றுக்கொண்டார். பதினாறு லாரி வைத்திருக்கிறவர்.

பஸ் ஸ்டாப்பை ஒட்டி ராசாங்கத்தின் குடும்பத்துக்குச் சொந்தமான பழைய பம்புசெட்டுத் தொட்டி ஒன்று உண்டு. அதைப் பற்றிப் பேச மலர்க்கொடி வந்தார். ஐம்பத்து நான்கு வயது. கீழத்தெருக்காரர். பஸ் ஸ்டாப்புக்கு எதிரே தையல் கடை வைத்திருந்தார். அவரிடம் ஜாக்கெட் தைக்காத பெண்கள் ஊரில் குறைவு. பூங்குழலி மூன்று முறை போய்க் கேட்ட பிறகுதான் சம்மதித்தார்.

சத்தம் விழக்கூடாது என்று ஃபேனை நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் உட்கார்ந்தார்கள். பதிவு செய்யக் கம்பெனி கொடுத்திருந்த டேப்லெட் மேஜைமேல் இருந்தது. நாற்பது நிமிடம் பேசினார் மலர்க்கொடி.

அப்போது அவருக்குப் பத்து வயது. அம்மாவோடு கடலை பிடுங்கப் போனவர், தாகம் தாங்காமல் ஓடிப்போய் அந்தத் தொட்டியில் வாய் வைத்துக் குடித்துவிட்டார். ராசாங்கத்தின் அப்பா பார்த்துவிட்டார். தொட்டித் தண்ணீர் முழுவதையும் திறந்துவிடச் சொன்னார். மலர்க்கொடியின் அம்மாவை உள்ளே இறக்கி, செங்கல் தூள் போட்டுத் தேய்க்க வைத்தார். உச்சி வெயில் வரைக்கும் தேய்த்தாள் அம்மா. முட்டி உரிந்து ரத்தம் வந்தது. அந்த ரத்தம் பட்டதற்காக மறுபடியும் கழுவச் சொன்னார்கள்.

"இத நான் பெத்த புள்ளைங்ககிட்டகூட சொன்னதில்ல மேடம்" என்று முடித்தார் மலர்க்கொடி. வெளியே போய் வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் குனிந்து நின்றார். வாந்தி வருவதுபோல இருந்ததாம்.

திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, கம்பெனியில் வேலை பார்க்கும் மணிவண்ணன் எல்லாப் பதிவுகளையும் ஏற்றிவிட்டு ஒரு தாளை நீட்டினான். 'பதிவுகள் அனைத்தையும் கேட்டுச் சரிபார்த்தேன்' என்று இருந்தது. பந்தல், நாற்காலி, மைக் செட் என்று அலைந்துகொண்டிருந்த பூங்குழலி மூன்றை மட்டும் கேட்டாள். இருபத்து மூன்றுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டாள்.

விழா முடிந்து பத்து நாள் இருக்கும். ஒரு காலை நேரத்தில் மலர்க்கொடி நூலகத்துக்கு வந்தார். கூடவே அவருடைய அண்ணன் மகன் மாயவன், லோடு வேன் ஓட்டுகிறவன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"ஏன் மேடம், எங்க அத்தைய எதுக்கு இப்படிப் பேச வெச்சீங்க?" என்றான் மாயவன்.

"எப்படிப் பேச வெச்சேன்? அவங்க சொன்னதத்தான் பதிவு பண்ணேன்."

"அப்ப இதக் கேளுங்க."

அவன் போனை மேஜைமேல் வைத்தான். மலர்க்கொடியின் குரல் வந்தது. அதே கரகரப்பு, நடுவில் அதே இருமல், 'வூடு' என்று சொல்வதுகூட அப்படியே.

"இந்தத் தொட்டின்னா எனக்கு உசுரு. ராசாங்கம் அய்யாவோட அப்பா தங்கமான மனுசன். தாகம்னு யாரு வந்தாலும் இல்லன்னு சொன்னதில்ல. கீழத்தெரு புள்ளைங்க நாங்க எல்லாரும் இங்கதான் தண்ணி குடிச்சி வளந்தோம். எங்கள எல்லாம் அவங்க வூட்டுப் புள்ளைங்க மாதிரி பாத்துக்கிட்டாங்க."

பூங்குழலி போனை எடுத்து இன்னொரு தடவை போட்டுக் கேட்டாள். நாற்பது நிமிடப் பேச்சில் மலர்க்கொடி ஒரு தடவைகூட 'அய்யா' என்று சொல்லவில்லை. 'ராசாங்கத்தோட அப்பன்' என்றுதான் சொன்னார்.

"இது நீங்க பேசினது இல்லக்கா" என்றாள்.

"எனக்குத் தெரியாதா? ஆனா தெருவுல ஒருத்தரும் நம்ப மாட்டேங்குறாங்க. அச்சு அசலா என் குரல்ல இருக்குதே. நேத்து ஒரே நாள்ல ஏழு பேரு வந்து தைக்கக் குடுத்த துணியத் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டாங்க. என் தங்கச்சி கேக்குறா, 'அம்மா முட்டி தேஞ்சத மறந்துட்டு என்னத்தக்கா வாங்கித் தின்ன'ன்னு."

மலர்க்கொடி அழவில்லை. முந்தானையால் வாயைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். வாயில் ஏதோ ஒட்டியிருப்பதைப் போல.

பூங்குழலி அவர்கள் முன்னாலேயே மணிவண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அதுவா மேடம்? ராசாங்கம் சார் கேட்டுட்டு, திறப்பு விழாவுல நெகட்டிவா இருக்கும், மாத்திடுன்னாரு. அவங்க குரல சாஃப்ட்வேர்ல குடுத்து, சார் எழுதிக் குடுத்தத டைப் பண்ணோம். நேச்சுரலா இருந்திச்சில்ல? அந்த இருமல் நான்தான் வெச்சேன்."

அவன் குரலில் இருந்தது பெருமை. நல்ல வேலைக்குப் பாராட்டை எதிர்பார்க்கிற பிள்ளையின் பெருமை. பூங்குழலிக்குக் காதிலிருந்து போனை எடுத்து எறிய வேண்டும்போல இருந்தது.

"அவங்க பேசின ஒரிஜினல் எங்க?"

"ஃபைனல் மட்டும்தான் மேடம் வெச்சிருக்கோம். அந்த டேப்லெட்டயும் அழிச்சி வேற ஊருக்குக் குடுத்துட்டோம். நீங்கதான் செக் பண்ணி சைன் பண்ணிட்டீங்களே."

மதியம் நூலகத்தைப் பூட்டிக்கொண்டு அவள் ராசாங்கத்தின் வீட்டுக்குப் போனாள். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தவர், "வாம்மா, உக்காரு" என்று சிரித்தார். எவர்சில்வர் டம்ளரில் மோர் வந்தது.

"சார், மலர்க்கொடி அக்கா பேசின பேச்ச மாத்தச் சொன்னீங்களா?"

"மாத்துறது என்னம்மா மாத்துறது? சீர் பண்ணச் சொன்னேன். செத்துப்போன மனுசன, அவரு தொட்டிக்கு முன்னாலயே பலகை வெச்சித் திட்டுவாங்களா? இப்ப பாரு, யாருக்காவது மனசு நோவுதா? சென்னையில இருக்குற என் பேரன் கேட்டுட்டு, 'எங்க கொள்ளுத்தாத்தா கிரேட்'னு அழுதுட்டான்."

"அது அவங்க சொன்னது இல்லையே சார்."

"சொல்லியிருக்கணும். சொல்லியிருந்தா அந்தப் பொம்பளைக்கும் மரியாதை." மேல்துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார். "மோரக் குடி. வெயில்ல வந்திருக்க."

டம்ளரின் விளிம்பைப் பார்த்ததுமே தொட்டியில் இறங்கி முட்டியிட்டிருந்த ஒரு பெண் கண்ணுக்குள் வந்தாள். பூங்குழலி டம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். வாசல் தாண்டும்போது பின்னாலிருந்து ராசாங்கம் சொன்னார்:

"கையெழுத்து உன்னுதும்மா. ஞாபகம் இருக்கட்டும்."

அவரைவிட அந்த வார்த்தைதான் அவளை வழியெல்லாம் துரத்தியது. அவர் செய்தது அசிங்கம். கேட்காமலே கேட்டேன் என்று தான் எழுதிக் கொடுத்தது மட்டும் என்ன? மலர்க்கொடி ஃபேன் இல்லாத அறையில் வியர்த்து வழிந்து சொன்னதை, கொஞ்ச நேரம் ஒதுக்கித் திரும்பக் கேட்க அவளுக்கு நேரமில்லாமல் போயிற்று. தன் வலது கையைப் பார்க்கவே அவளுக்குக் கூசியது.

நேராக நூலகத்துக்குப் போய், தனக்குக் கொடுத்திருந்த கடவுச்சொல்லைப் போட்டு அந்தப் பதிவை அழித்தாள். பிறகு ஸ்டிக்கர் சுரண்டும் தகட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனாள். ஜெயங்கொண்டம் பஸ்ஸுக்கு நின்ற இருபது பேர் பார்க்க, பலகையிலிருந்த கோடை ஒரு துணுக்கு விடாமல் சுரண்டி எடுத்தாள். ஒருவர், "என்னம்மா பண்றீங்க?" என்றார். "பொய்ய எடுக்குறேன்" என்றாள்.

அன்று மாலையே நூலக வாட்ஸப் குழுவில் எழுதினாள். தொட்டியடிப் பலகையில் ஒலித்தது மலர்க்கொடி பேசியதல்ல, அவர் குரலை வைத்துக் கம்ப்யூட்டரில் செய்தது, கேட்காமல் கையெழுத்திட்டது தன் குற்றம் என்று. அதையே தாளில் எழுதிக் கதவிலும் ஒட்டினாள். குழுவில் இருந்த நூற்று எண்பது பேரில் நாலு பேர் கும்பிடு போட்டார்கள். ஒருவர், 'நல்ல விஷயத்தில் அரசியல் வேண்டாம்' என்றார்.

மறுநாள் தையல் கடைக்குப் போனாள். மலர்க்கொடி மிஷினை விட்டு எழுந்திருக்கவில்லை.

"துணிய மறுபடியும் கொண்டாந்து குடுக்குறாங்க" என்றார். "நீங்க எழுதுனத நம்புறாங்க. நான் வூடு வூடாப் போயி சத்தியம் பண்ணப்ப நம்பல. அதான் எனக்கு ரொம்ப அருவருப்பா இருக்கு மேடம்."

பூங்குழலி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இன்னொரு தடவ பதிவு பண்ணலாமாக்கா?" என்று கேட்டாள்.

"வேணாம். ஒரு தடவ வாந்தி எடுத்தாச்சி. அதயே திரும்ப எடுக்க முடியாது."

பலகையைச் சேதப்படுத்திவிட்டதாக ராசாங்கம் மேலே புகார் கொடுத்தார். மூன்று வாரம் கழித்து விசாரணைக்கு ஓர் அலுவலர் வந்தார். நூலகத்திலேயே நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்தார்கள். ஒரு பக்கம் ராசாங்கமும் வாசகர் வட்டத்துக்காரர்கள் இரண்டு பேரும். மறுபக்கம் பூங்குழலி. வர மாட்டார் என்று அவள் நினைத்த மலர்க்கொடி, மாயவனோடு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அலுவலர் ராசாங்கத்தின் போனில் சேமித்து வைத்திருந்த பதிவைப் போட்டுக் கேட்டார்.

"இது உங்க குரலா?"

"குரல் என்னுதுதான் சார். பேசுனது நான் இல்ல."

"அப்ப நீங்க என்னதான் பேசினீங்க? அது தெரியாம நான் எப்படி முடிவு பண்றது?"

மலர்க்கொடி ராசாங்கத்தைப் பார்த்தார். அவர் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மலர்க்கொடி தன் போனை எடுத்து மாயவனிடம் நீட்டினார்.

"இதுல எங்க அழுத்தணும், அழுத்திக் குடு. நானே புடிச்சிக்கிறேன்."

வாய்க்குப் பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். இந்த முறை நாற்பது நிமிடம் ஆகவில்லை. ஒன்பது நிமிடம்தான். கடலைக் கொல்லை, தாகம், தொட்டி, செங்கல் தூள், அம்மாவின் முட்டி. ரத்தத்தைக் கழுவச் சொன்ன இடம் வந்தபோது நாற்காலி கீச்சென்று இழுபட்டது. ராசாங்கம் எழுந்து வெளியே போனார். கூட வந்த இரண்டு பேரும் செருப்பைத் தேடிக்கொண்டு பின்னால் போனார்கள். மலர்க்கொடி நிறுத்தவில்லை.

"அந்தத் தொட்டிய எங்கம்மா தேய்ச்ச மாதிரி யாரும் தேய்ச்சதில்ல. அதுக்கப்புறம் எங்கம்மா யாரு வூட்டுலயும் தண்ணி வாங்கிக் குடிச்சதில்ல. அவ்வளவுதான் சார்."

அலுவலர் பேனாவை மூடி, தாளை மடித்துப் பையில் வைத்தார்.

கேட்காமல் கையெழுத்திட்டதற்காகப் பூங்குழலிக்கு எழுத்துமூலம் எச்சரிக்கை வந்தது. பலகைப் புகார் தள்ளுபடி ஆனது. ராசாங்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்தான் இன்னமும் வாசகர் வட்டத் தலைவர். வழியில் பார்த்தால், "நல்லாருக்கியாம்மா?" என்று சிரிக்கிறார். அந்தச் சிரிப்பைப் பார்த்த நாளில் பூங்குழலிக்குச் சோறு இறங்குவதில்லை.

மிச்சமிருந்த இருபத்திரண்டு பேரையும் அவள் ஒவ்வொருவராக வரவழைத்தாள். அவரவர் பதிவை நூலகக் கம்ப்யூட்டரில் முழுசாகப் போட்டுக் காட்டினாள். நாலு நாள் ஆனது. அவற்றில் எதுவும் மாற்றப்படவில்லை. ஆனாலும் ஒன்பது பேர், "எடுத்துடுங்க மேடம், பயமா இருக்கு" என்றார்கள். எடுத்துவிட்டாள். மற்றவர்களுக்கு அவரவர் குரலை அவரவர் போனில் ஏற்றிக் கொடுத்தாள்.

மலர்க்கொடியின் ஒன்பது நிமிடத்தைத் தொட்டியடியில் வைக்க முடியவில்லை. அது ராசாங்கத்தின் இடம். நூலகத்தின் முன்சுவரில், ரோட்டைப் பார்த்த மாதிரி வைத்தார்கள். கோடை ஒட்டுவதற்கு முன் மலர்க்கொடி இரண்டு தடவை முழுசாகக் கேட்டார். பிறகுதான் தலையசைத்தார்.

ஒரு வாரம் கழித்து மணிவண்ணன் கூப்பிட்டான். கம்பெனி ஒப்பந்தம் இன்னும் முடியவில்லை.

"மேடம், புது ஃபைல் கேட்டேன். நடுவுல ஒரு நாற்காலி சத்தம் வருது. எடுத்துட்டு கிளீன் பண்ணித் தரவா?"

"அதத் தொட்ட, திருச்சிக்கு பஸ் ஏறி வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.