கப்பல் சண்டைப் படம்

செஞ்சிக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்த ஆதிநாராயணன் ஒருநாள் பெரிய ஓவியம் ஒன்றைக் கொண்டுவந்து கூடத்தில் மாட்டினான். அந்தக் காலத்துக் கடற்போர். பாய்மரங்கள் எரிகின்றன, ஒரு கப்பல் பாதி முழுகிவிட்டது, தண்ணீரில் ஆட்கள் கையைத் தூக்கிக்கொண்டு தத்தளிக்கிறார்கள்.

"இன்னா இது கண்றாவி?" என்றாள் அவன் மனைவி சாரதா. அவளுக்கு ஏழாம் மாதம்.

"அண்ணி குடுத்தாங்க. மாட்டலன்னா வருத்தப்படுவாங்க."

பாரதப் போர்ப் படத்தையே வீட்டில் மாட்டக்கூடாது, மாட்டினால் வீட்டுக்குள் சண்டை மூளும் என்பார்கள். இதிலோ கப்பலே முழுகுகிறது. சாரதாவுக்குச் சுருக்கென்றது. அண்ணி என்றால் அவளுடைய ஓரகத்தி ஞானம்பாள். பிள்ளை இல்லாதவள். வரப்போகிற வளைகாப்பில் அவள் கை வைக்கக்கூடாது என்று உறவுக்காரிகள் முணுமுணுத்தபோது, "எங்க அக்காதான் மொத வளையல் போடணும்" என்று அடம்பிடித்தவளே சாரதாதான். தாயில்லாத அவளுக்கு மசக்கையில் கஞ்சி காய்ச்சி ஊட்டியவள் ஞானம்பாள். அவளா இப்படி?

சந்தேகத்துக்கு இடம் கொடுத்தாயிற்று, இனி அது சும்மா இருக்குமா? பால் திரிந்தால் படத்தால். கிணற்றடியில் கால் வழுக்கினால் படத்தால். போன வாரம் அக்கா ஆசையாக வயிற்றைத் தடவிப் பார்த்ததுகூட இப்போது வேறு மாதிரி தெரிந்தது.

வளைகாப்புக்கு இரண்டு நாள் முன்பு, கை நிறையப் பூவோடு ஞானம்பாள் வந்தாள்.

"எதுக்குக்கா அந்தப் படத்தக் குடுத்தீங்க?"

"எந்தப் படம்? நான் ஒண்ணும் குடுக்கலியே."

பொய் வேறா! சாரதாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "உங்களுக்கு இல்லன்னா எனக்கும் இருக்கக் கூடாதா? எம் புள்ள மேல கண்ணு வெக்காதீங்க!"

ஞானம்பாள் பூவை வைத்துவிட்டு வந்த வழியே போய்விட்டாள்.

மத்தியானம் சாப்பிட வந்த ஆதிநாராயணன் விஷயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

"ஐயையோ, அண்ணி குடுக்கல. புதுச்சேரி ஏலத்துல நாந்தான் எடுத்தேன். பொறந்ததுலேருந்து இந்த மலயவே பாத்துக்கினு கெடக்கறோம், கப்பலப் பாத்ததும் புடிச்சிப் போச்சி. சண்டப் படம் வேணாம்னு சொல்லுவியேன்னு அண்ணி பேரச் சொல்லிட்டேன்."

படுபாவி! சாரதா அந்த வெயிலிலேயே அடுத்த தெருவுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். காலில் விழக் குனிந்தவளை ஞானம்பாள் தாங்கிப் பிடித்து உட்கார வைத்தாள். மோர் கொடுத்தாள். அழாதே, பிள்ளைக்கு ஆகாது என்றாள்.

"புதன்கெழம வந்து வளையல் போடுவீங்கல்லக்கா?"

"வேற யாராச்சும் போடட்டும் சாரதா. நாளைக்கு உனக்கு ஒரு தலவலி வந்தாக்கூட, எங் கண்ணுதானோன்னு எனக்கே தோணும்."