முழங்காலுக்கு ஒரு மூலைமட்டம்

ஸ்கூட்டர் சறுக்கியதில், ஓட்டிய தச்சனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. பின்னால் உட்கார்ந்திருந்த மனைவிக்கு இடது முழங்காலில் எலும்பையும் எலும்பையும் பிணைக்கும் தசைநார் அறுந்துபோனது. அன்றைக்கு மரத்துப்போனவன்தான், அழவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிட்டான். என்ன சாப்பிட்டான் என்று கேட்டால் தெரியாது.

அறுந்ததைத் தைத்த மறுநாளே, முழங்காலை மெல்ல மடக்கி நீட்டச் சொன்னார்கள் ஆஸ்பத்திரியில். இவன் கேட்டால்தானே. பசை போட்ட பலகையை இறுக்கிக் கட்டி, காயும்வரை தொடாமல் வைத்துப் பழகியவன். மனைவியையும் அப்படியே ஆறு வாரம் கட்டிலில் கிடத்தி, தாங்கு தாங்கென்று தாங்கினான். இப்போது முழங்கால் மடங்க மாட்டேன் என்கிறது.

"உள்ள புதுசா வளர்ற நார் கண்டபடி ஒட்டிக்கிச்சு," என்றார் பயிற்சி கொடுக்கும் பிசியோ அம்மா. "அசைச்சாத்தான் அது ஒழுங்கா அமையும். தினமும் நீங்களே மடக்கி அழுத்துங்க. போதும்னு அவங்கதான் சொல்லணும், நீங்க இல்ல. வெள்ளிக்கிழமைக்குள்ள தொண்ணூறு டிகிரி வரலைன்னா மறுபடி ஆபரேஷன்தான்."

மனைவி பள்ளி வேன் ஓட்டுகிறவள். மடங்காத காலால் க்ளட்ச்சை மிதிக்க முடியாது. வேனுக்கு வேறு ஆள் தேடத் தொடங்கிவிட்டார்கள். "பேசாம அன்னிக்கு ஸ்கூட்டரை நான் ஓட்டியிருக்கணும். பின்னாடி உக்காந்ததுதான் தப்பு," என்று அவள் கிண்டலடித்தபோதும் அவன் முகத்தில் ஈயாடவில்லை.

தினமும் அவளை மேசை விளிம்பில் உட்காரவைத்து, கணுக்காலைப் பிடித்துப் பின்னால் தள்ளினான். பிறகு, மரச்சட்டங்களுக்குத் தொண்ணூறு டிகிரி பார்க்கும் தன் மூலைமட்டத்தை முழங்காலுக்குப் பின்னே பொருத்திப் பார்த்தான். இரண்டு விரல் இடைவெளி. அவள் பல்லைக் கடித்தாலே அவன் கை தானாக விலகிவிடும். நாலு நாளும் அதே இரண்டு விரல்.

வியாழக்கிழமை அவள் மூலைமட்டத்தைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "நான் கத்துவேன். நீங்க விடக்கூடாது."

தள்ளினான். அவள் கத்தினாள். அவன் உள்ளங்கையில் அவள் கால் வெடவெடவென்று நடுங்கியது.

"போதுமா?"

"நான் சொன்னேனா?"

இன்னும் தள்ளினான். அவளே மட்டத்தை வைத்துப் பார்த்தாள். ஒரு நூல் இடைவெளி.

"நான்தான் உன்னை விழ வச்சேன்," என்றான் அவன். இரண்டு மாதமாக வராத அழுகை மொத்தமாக வந்தது. கை தளர்ந்தது.

"ஆமா, நீங்கதான்," என்றாள் அவள் மூச்சு வாங்க. "அழுதுக்கிட்டே அழுத்துங்க. கையை மட்டும் எடுக்காதீங்க."

அவன் எடுக்கவில்லை.