புறங்கைச் சூடு

புறங்கை ஒன்று இரும்பை நோக்கி நீள்கிறது, மோதிர விரலின்மேல் வெந்து ஆறிய வெள்ளைத் தழும்போடு, சக்கரத்தின் அச்சைத் தாங்கும் பேரிங்கின்மேல் மெல்லப் பட்டு, ஒரு மூச்சு நேரம் நின்று, விலகுகிறது, என் வீட்டுக்காரருடைய கைதான், ஆனால் அவர் இல்லை, கயிறு கட்டியிருக்கிறது, கயிற்றுக்கு அப்பால் புதிதாகப் பச்சை பூசிய நீராவி இன்ஜின், தொடாதீர்கள் என்ற பலகை. ஆற்றுத் தண்ணீரை ஊருக்கு ஏற்றிய இந்தக் கொட்டகையை அருங்காட்சியகமாக்கிவிட்டார்கள் என்று பேப்பரில் பார்த்து, உடம்பு அடித்துப் போட்டாற்போல் இருந்தும் பஸ் ஏறி வந்துவிட்டேன், அவரைப் போல ஒருமுறை இதைப் புறங்கையால் தொட்டுவிட வேண்டும், வேறொன்றும் வேண்டாம்.

உள்ளங்கை காய்ச்சுப் போச்சு, அதுக்குச் சூடு தெரியாது, புறங்கைதான் பொய் சொல்லாது என்பார், கல்யாணமான புதிதில் நான் காய்ச்சலில் கிடக்கிறேன், வேலையிலிருந்து அப்படியே வந்து எண்ணெய் மணக்கும் புறங்கையை என் நெற்றியில் வைக்கிறார், நான் என்ன உங்க இன்ஜினா என்கிறேன், இன்ஜின் இப்படி வாயாடாது, பேசாம படு என்கிறார், குவார்ட்டர்ஸ் ஜன்னலுக்கு வெளியே அது பெருமூச்சு விட்டுக்கொண்டே இருக்கிறது, ஆயுத பூஜையன்று அதற்குத் திருநீறு பூசிக் குங்குமம் வைத்துவிட்டு மிச்சத்தைத்தான் எனக்கு வைப்பார், அதுக்கு அப்புறந்தானா நானு என்று முகத்தைத் திருப்புவேன், அது ஊருக்கே தண்ணி குடுக்குது, நீ எனக்கு மட்டுந்தானே குடுக்குற என்பார். அவர் போன பிறகு என் நெற்றியை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை, இன்று காலையில் நானே என் புறங்கையை வைத்துப் பார்த்தேன், கையும் நெற்றியும் ஒன்றாகச் சுட்டால் என்ன தெரியும், முருகா என்று எழுந்து புடவை மாற்றிக்கொண்டேன்.

பாட்டி, கயித்தத் தாண்டக் கூடாது என்கிறாள் காவலுக்கு நிற்கும் பெண், சட்டையில் பிலோமினா என்று பெயர் குத்தியிருக்கிறது, எங்க வீட்டுக்காரர் ஓட்டுன இன்ஜின்மா என்கிறேன், இப்படித்தான் போன வாரம் ஒருத்தர் எங்க தாத்தா ஓட்டுனதுன்னு சொல்லிச் சக்கரத்து மேலயே ஏறி போட்டோ புடிச்சாரு, திட்டு வாங்குனது நானு என்கிறாள், நான் எங்கேம்மா ஏறப் போறேன், புறங்கையால தொட்டுட்டுப் போயிடுறேன். அவள் என் முகத்தையே பார்க்கிறாள், வாசலைப் பார்க்கிறாள், கயிற்றைத் தூக்கிப் பிடிக்கிறாள், சீக்கிரம் பாட்டி.

தொடுகிறேன், சுடுகிறது, பெரிய சக்கரம் அசைகிறது, எண்ணெய் மணம், பேரிங் சுடுது, எண்ணெய் விடணும் என்கிறேன், சொன்னது நானா அவரா தெரியவில்லை, பிலோமினாவும் தொட்டுப் பார்க்கிறாள், சில்லுனுதானே இருக்கு பாட்டி என்கிறாள், பிறகு ஏதோ தோன்றியவள்போல் அந்தக் கையைத் திருப்பி, புறங்கையை என் நெற்றியில் வைக்கிறாள், இன்ஜின் இல்ல பாட்டி, நீங்கதான் கொதிக்கிறீங்க, கூட யாரு வந்திருக்கா. யாருமில்லம்மா. இந்தக் காய்ச்சலோடயா, இந்த ஸ்டூல்ல உக்காருங்க, பூட்டிட்டு நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன் என்கிறாள், அவள் கழுத்துச் சிலுவை என் கண்ணுக்கு நேரே ஆடுகிறது, இவளை அனுப்பியவன் எந்தப் பெயரில் அனுப்பினால் என்ன, இரும்பின் குளிர்ச்சி ஒட்டிய அந்தப் புறங்கையில் தழும்பு இல்லை, எண்ணெய் மணம் இல்லை, ஒரு மூச்சு நேரம் ஆகிவிட்டது, இனி விலகிவிடும் என்று கண்ணை மூடிக்கொள்கிறேன், எடுத்துவிடாதே என்று கேட்க வாய் வரவில்லை, அவள் எடுக்கவில்லை.