முந்திக்கொண்ட செய்தி

வகுப்பு முழுக்க வெளியே ஓடிய பிறகும் ராலித்சா மேசையருகே நின்றாள். வடிவியல் தேர்வுத்தாளைப் பையில் வைக்காமல் மார்போடு அணைத்திருந்தாள். ஆறுக்கு ஆறு. ஏழாம் வகுப்பில் அவள் ஒருத்திக்குத்தான் முழு மதிப்பெண். பாராட்டுக்காக நிற்கிறாள் என்று நினைத்து ஸ்னேஜனா டீச்சர் சிரித்து வைத்தாள்.

"டீச்சர், இந்த மார்க்க மட்டும் ஆப்ல ஏத்தாதீங்க. ஞாயித்துக்கிழம வரைக்கும்."

இருபது வருட வேலையில், இரண்டு வாங்கி பெயிலான பிள்ளைகள் எத்தனையோ பேர் இப்படிக் கெஞ்சியிருக்கிறார்கள். முழு மதிப்பெண்ணை மறைக்கச் சொல்லி ஒருவரும் வந்ததில்லை. ஏன் என்று கேட்டாள்.

"அம்மா ஞாயித்துக்கிழமதான் பேசுவா. நான் வாயத் திறக்கறதுக்குள்ள, ஆப்ல பாத்துட்டேன்டி செல்லம்னுடுவா. அப்புறம் சாப்டியான்னுவா, சித்தி பேச்சக் கேளுன்னுவா. அவ்ளோதான், வச்சிடுவா."

அம்மா மூன்று வருடங்களாக இத்தாலியில், படுக்கையில் கிடக்கும் ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்கிறாள். ராலித்சாவின் ஊரில் பாதிப் பிள்ளைகளின் கதை அதுதான். மதிப்பெண்களைப் பெற்றோர் கைபேசியிலேயே பார்க்கும் அந்தச் செயலி வந்த வருடம், பெற்றோர் கூட்டத்தில் ஸ்னேஜனாவே எழுந்து பேசினாள்: எங்கே வேலை பார்த்தாலும் இனி பிள்ளை உங்கள் கண்முன்னால் இருக்கும் என்று. எல்லோரும் கைதட்டினார்கள். இப்போது அதை நினைக்கவே கூச்சமாக இருந்தது. அன்றன்றைய மதிப்பெண் அன்று மாலைக்குள் ஏற வேண்டும் என்பது தலைமையாசிரியரின் கண்டிப்பு. அவரைச் சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைத்து, சரியென்று வாக்குக் கொடுத்தாள்.

மதியம் ஆசிரியர் அறையில் உடற்பயிற்சி வாத்தியார் தன் மருமகளைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தார். அவருக்கு உம் கொட்டியபடியே ஸ்னேஜனா காபியைக் குடித்தாள், மதிப்பெண்களைப் போட்டாள். இருபத்திரண்டு பெயர்கள். விரல் பழக்கத்தில் தானாக இறங்கியது. சேமித்த பிறகுதான் பதினேழாவது பெயர் உறைத்தது. பதறிப்போய் அந்த ஒன்றை அழித்தாள். மதிப்பெண் ஏறியது, அழிந்தது இரண்டுமே தாயின் கைபேசிக்குச் செய்தியாகப் போய்விடும் என்பது அதற்கப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலை ராலித்சாவின் கண் வீங்கியிருந்தது. ஸ்னேஜனா அவளைத் தாழ்வாரத்தில் நிறுத்தி மன்னிப்புக் கேட்டாள்.

"அம்மா உடனே கூப்ட்டா டீச்சர். காப்பியடிச்சு மாட்டிக்கிட்டியான்னு ஒரே அழுக. இல்லன்னா நம்பல. தாள எடுத்து வச்சு ஒவ்வொரு கணக்கையும் எப்படிப் போட்டேன்னு சொன்னேன். அங்க கிழவர் சூப்புக்குக் கத்திட்டே இருந்தாரு. அப்பவும் அவ வைக்கல. நாப்பது நிமிஷம் பேசினோம்."

ஸ்னேஜனா தன் கைபேசியை எடுத்தாள். தவறு தன்னுடையது என்று அம்மாவிடம் தானே சொல்வதாகவும், மதிப்பெண்ணை இந்த நிமிடமே போட்டுவிடுவதாகவும் சொன்னாள்.

"வேணாம் டீச்சர்," என்றாள் ராலித்சா அவசரமாக. "அம்மாவுக்குச் சந்தேகம் இன்னும் தீரல. இன்னிக்கும் கூப்பிடறேன்னிருக்கா."

இடைவேளையில் தலைமையாசிரியர், விடுபட்ட மதிப்பெண்ணைக் கேட்டு இரண்டாம் முறை ஆளனுப்பினார். ஸ்னேஜனா பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருபத்தொரு கட்டங்களில் எண்கள், ஒன்று மட்டும் வெள்ளையாக. ஜன்னலுக்கு வெளியே பிள்ளைகள் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். ராலித்சா மட்டும் சுவரோரம் நின்று, கைபேசியை உள்ளங்கையில் ஏந்தி, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.